பதினோராவது விமர்சனம்

என் தம்பி நான் படிக்கும் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக, மூன்று வாரத்தில் பதினோரு பேராக மாறி அதைத் திட்டி எழுதினேன். 'கடைசி பெஞ்சு' என்று ஒரு இணையதளம். ரோமில் இருக்கும் பல்கலைக்கழகங்களை அங்கே படிக்கிற பிள்ளைகளே நட்சத்திரம் போட்டு எடைபோடுகிற இடம். எங்கள் சட்டத் துறைப் பக்கத்தில் நான் கைவைக்கும் முன்பு பத்தொன்பது விமர்சனங்கள்தான் இருந்தன. பத்தொன்பதைக் கவிழ்க்கப் பதினொன்று போதும் என்று நினைத்தேன்.

'படிக்கும்' என்று எழுதிவிட்டேன் பாருங்கள், அது பொய். மூன்று வருடமாக நான் ஒரு பரீட்சையும் எழுதவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டைப் பொறுத்தவரை இலேனியாவுக்கு எல்லாப் பரீட்சையும் முடிந்தாயிற்று, ஆய்வேடு மட்டும்தான் பாக்கி, ஜூலையில் பட்டம். போன டிசம்பரிலேயே வாங்கியிருக்க வேண்டியது. பேராசிரியருக்கு உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டேன். அந்த மனுஷருக்கு நான் வரவைக்காத நோய் இல்லை. ஜூலைக்கு என்ன திட்டம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஜூலை ஜூலையில்தானே வரும்.

இதெல்லாம் ஒரு இருபத்திநாலில் ஆரம்பித்தது. எங்கள் நாட்டில் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு முப்பது மார்க்கு, பதினெட்டு எடுத்தால் பாஸ். வந்த மார்க்கு பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்ப எழுதலாம். ஐந்து நாள் அவகாசம் தருவார்கள், இணையத்தில் ஒரு பொத்தான் இருக்கும். முதல் வருடம் ஜூனில் சிவில் சட்டத்துக்கு இருபத்திநாலு வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா ஊரில் பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் போடுகிற கடை வைத்திருக்கிறாள். அன்றைக்கு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். இருபத்திநாலெல்லாம் தபால்காரர் மகன் எடுக்கிற மார்க்கு, ஸ்கூலில் நூற்றுக்கு நூறு வாங்கினவள் அதைப் போய் வாங்குவாளா, திருப்பிக் கொடுத்துவிடு என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொத்தானை அமுக்கினேன்.

செப்டம்பரில் இருபத்தொன்று வந்தது. இருபத்திநாலையே வேண்டாம் என்றவள் இருபத்தொன்றை எப்படி வாங்குவது? அதையும் தள்ளினேன். பிப்ரவரியில் பெயில். சிவில் சட்டம் முடிக்காமல் அதற்கடுத்த ஏழெட்டுப் பாடங்களுக்கு உட்கார விடமாட்டார்கள். உட்கார விட்ட ஒன்பதை எழுதி முடித்தேன். அதன்பிறகு எழுத ஒன்றும் இல்லை, அந்த ஒன்றைத் தவிர. அதற்கு மூன்று தடவை பேர் கொடுத்தேன், மூன்று தடவையும் போகவில்லை. பிறகு பேர் கொடுப்பதையும் விட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு நாள் அழுதேன் என்று நினைக்கிறேன், சரியாக ஞாபகமில்லை. அப்புறம் தினமும் நூலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன், அங்கே குளிருக்குச் சூடேற்றி வைத்திருப்பார்கள் என்பதற்காக.

இந்த நிலையில்தான் தம்பி டொனாட்டோ சட்டம் படிக்கப்போகிறேன், அக்காவோடு தங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினான். அவனுக்குப் பதினெட்டு, ஸ்கூல் கடைசி வருடம். எதையும் கட்டம் போட்டுப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ரோமில் நாலு பல்கலைக்கழகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, வாத்தியார், பரீட்சை, கேன்டீன், கழிப்பறை என்று ஒவ்வொன்றுக்கும் அந்த இணையதளத்தில் விழுந்த நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். வீட்டில் அவற்றுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். என்னுடையது பெரியது. மற்றவை ஆத்தோரத்தது, பாதிரிமார் நடத்துவதால் சாமியார்களுடையது, மெட்ரோ கடைசி ஸ்டேஷனில் இருப்பது. அவன் ரோமுக்கு வந்து ஒரே வீட்டில் இருந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். அவன் ஆத்தோரத்துக்கோ சாமியார்களிடமோ போய்த் தொலைந்தால் அங்கேயே ஹாஸ்டல் பார்த்துக்கொள்வான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் எழுதினேன். காலையில் அறைத்தோழிகள் இருவரும் வகுப்புக்குப் போனபிறகு, நூலகத்துக்குக் கிளம்பும் முன்பு, பத்து மணிக்கு, சமையலறை மேஜையில். ஒருவன் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று கொதித்தான். ஒருத்தி ஒரு கையெழுத்துக்கு நாலு மணி நேரம் வரிசையில் நின்றாள். இன்னொருவனை ஒரு வாத்தியார் ஊர்ப்பேரைச் சொல்லிக் கிண்டல் பண்ணினார். ஒவ்வொருவருக்கும் ஒரு கோபம் கொடுத்தேன். எனக்கென்று கோபம் எதுவும் இல்லாததால் கொடுப்பது சுலபமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு நட்சத்திரம்.

பதினோராவது மட்டும் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் எழுதியது. அன்றைக்கு யாரையும் கற்பனை பண்ண முடியவில்லை, சோம்பலாக இருந்தது. கை தானாக எதையோ எழுதியது. திரும்பிப் படிக்காமல் அனுப்பிவிட்டு ஊருக்குத் துணி எடுத்துவைக்கப் போனேன்.

ஈஸ்டர் திங்கட்கிழமை எப்போதும்போல மழை. அன்றைக்கு வழக்கமாகக் காட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட வேண்டிய சாப்பாட்டை வீட்டு மேஜையிலேயே பரப்பிச் சாப்பிட்டோம். நேற்று மிஞ்சின ஆட்டுக்கறி, முட்டை பதித்துச் சுட்ட ரொட்டி, பச்சை மொச்சை, உப்புக்கட்டியான செம்மறிப் பாலாடைக்கட்டி. அப்பா நகராட்சியில் தெருவிளக்கு பார்ப்பவர். பேசாமல் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அம்மா என் பட்டமளிப்புக்குச் சிவப்பு சர்க்கரைப் பாதாம் எத்தனை கிலோ சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தே ஆகவேண்டுமாம். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லும்மா என்றேன். அதைச் சொன்ன குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

டொனாட்டோ சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தன் தாள்களை விரித்தான். ஸ்கூலில் யாரிடமோ கெஞ்சிப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். பெரியது மூன்று வாரத்தில் நாலேகாலில் இருந்து மூன்றுக்கு இறங்கிவிட்டது என்று ஆரம்பித்தான். எனக்கு லேசாக மூச்சு வந்தது. ஆனால் அதில் ஒரு திருட்டு வேலை இருக்கிறது என்றான். ஒரு நட்சத்திரம் போட்ட பத்து பேரும் வார நாளில், காலையில் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் எழுதியிருக்கிறார்கள். படிக்கிற பிள்ளை அந்த நேரத்தில் வகுப்பில் இருக்கும். அது ஆபீஸ் நேரம். ஆக, சாமியார்களோ ஆத்தோரத்துக்காரர்களோ யாரையோ சம்பளம் கொடுத்து உட்கார வைத்து எழுத வைத்திருக்கிறார்கள்.

அப்பா முதல்முறையாக நிமிர்ந்து, ரொம்ப சரி என்றார். அவருக்குச் சாமியார்களை ஆகாது. டொனாட்டோ பென்சிலால் பத்து விமர்சனத்தையும் ஒவ்வொன்றாக அடித்தான். தாழ்ப்பாள் போனது, வரிசை போனது, ஊர்ப்பேர் போனது. பத்து நாள் காலைகள் அரை நிமிஷத்தில் போயின. பெரியது திரும்பவும் நாலு சொச்சத்துக்கு ஏறி முதலிடத்தில் நின்றது. அக்கா இருக்கிற வீட்டிலேயே ஒரு அறை காலியாகப்போகிறதாமே, செப்டம்பரில் வந்துவிடுகிறேன் என்றான்.

நான் என்ன சொன்னேன் என்றால், சரி என்றேன். வேறு யாருக்கோ நடக்கிற காரியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இருந்தது.

அம்மாவுக்குத்தான் திருப்தியில்லை. எல்லாமே நல்லதாகச் சொன்னால் அவள் நம்பமாட்டாள், கடையில் புதுச் சாயம் விற்க வருகிறவனையே நம்பாதவள். குறையென்று ஒன்றுமே இல்லையா என்று தம்பியைக் கேட்டாள். ஒன்றே ஒன்று இருக்கிறது என்றான். திட்டும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை, மூன்று நட்சத்திரம், ஞாயிற்றுக்கிழமை எழுதியது, பொய் சொல்கிறவர்கள் இப்படி எழுதமாட்டார்கள் என்று ஒரு தாளை உருவி அவள் பக்கம் தள்ளினான். அப்பா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படி என்றார். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

எழுந்து போயிருக்கலாம். காப்பி போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் உட்கார்ந்தே இருந்தேன். என்ன எழுதினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது, தெரிந்துகொள்ளலாம் என்றுகூட நினைத்திருக்கலாம்.

அம்மா ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "கட்டடம் நன்றாக இருக்கிறது. நூலகத்தில் குளிர்காலம் முழுக்கச் சூடு இருக்கும். ஜன்னல் பக்கம் இடம் வேண்டுமென்றால் எட்டரைக்கு வரவேண்டும். எனக்கு இது ஆறாவது வருடம். மூன்று வருடமாக நான் ஒரு பரீட்சையும் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை. அதைப் பல்கலைக்கழகத்தின் குறையாகச் சொல்லவில்லை, மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். வீட்டில் ஜூலையில் பட்டம் என்று சொல்லியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. இருபத்திநாலு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வேண்டாம் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்."

இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆறாவது வருடம், ஜூலை, இருபத்திநாலு, இதற்குமேல் என்ன வேண்டும்? நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. "யார் பெத்த பிள்ளையோ," என்றாள். "இருபத்திநாலை வேணாம்னு சொல்லச் சொன்ன மகராசி எவ? அவளைக் கூட்டிட்டு வாங்க, நான் கேக்கறேன்."

அவளுக்கு ஞாபகமே இல்லை. நடிக்கவில்லை, அம்மாவுக்கு நடிக்க வராது. எனக்கு ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற அந்தப் போன் பேச்சு, அவளுக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு தலை சாயத்துக்கு நடுவில் நாலு வார்த்தை. அதற்காவது கோபம் வந்திருக்க வேண்டும் எனக்கு. வரவில்லை. அம்மா பாவம் என்றுதான் தோன்றியது.

இதோடு விட்டிருந்தால் மத்தியானம் அப்படியே கழிந்திருக்கும். அம்மா விடுகிற ஆளா? அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுத முடியுமா என்று டொனாட்டோவிடம் கேட்டாள். விமர்சனத்துக்குக் கீழே எழுதினால் அவளுக்குப் போய்ச் சேரும் என்றான் அவன், கம்ப்யூட்டரை எடுத்துவந்து திறந்து வைத்தான். அம்மாவுக்கு டைப் அடிக்க வராது. டொனாட்டோ இரண்டு விரலால் அடிக்கிறவன். எனவே, நீ அடிடி இலேனி, உன் கைதான் வேகம் என்று என் முன்னால் தள்ளினாள்.

நான் அடித்தேன். அவள் மேஜைமேல் கிடந்த ரொட்டித் துகளை உள்ளங்கையால் கூட்டிக்கொண்டே, யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"கண்ணு, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. நான் மலைமேல ஒரு சின்ன ஊர்ல முடி வெட்டற கடை வெச்சிருக்கேன். உங்கம்மாகிட்ட சொல்லிடு. கத்துவா. ரெண்டு நாள் கத்துவா, ஊரே கேக்கும். மூணாம் நாள் காப்பியைக் கொண்டாந்து வெச்சிட்டு, சரி, இனிமே என்ன பண்ணலாம்னு கேப்பா. எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா. அவ இப்படி மூணு வருஷம் தனியா உக்காந்திருந்தான்னு தெரிஞ்சா, எனக்குப் பட்டம் எதுக்கு, பாதாம் எதுக்கு."

அடிக்க அடிக்க எழுத்துக்கள் தெரியாமல் போயின. அழுகிறேன் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று, பழக்கம் விட்டுப்போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அப்பா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார், டொனாட்டோ தன் கட்டத்தில் எதையோ திருத்திக்கொண்டிருந்தான்.

"அவ்ளோதான்," என்றாள் அம்மா. "கீழ ஒரு அம்மான்னு போட்டு அனுப்பிடு."

ஒரு அம்மா என்று போட்டேன். அனுப்பவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அனுப்ப வேணாம்மா," என்றேன். "வந்து சேந்துடுச்சு."

எங்கே வந்து சேர்ந்தது என்று கேட்டாள், கம்ப்யூட்டர் ஏதோ பண்ணிவிட்டது என்று நினைத்து. என்னிடம் என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வரிசையாகச் சொன்னேன், எழுதிவைத்ததைப் படிப்பதுபோலத்தான் குரல் வந்தது. ஒன்பது பரீட்சைதான் பாஸ், பேராசிரியருக்கு எந்த நோயும் இல்லை, அவருக்கு என் பேரே தெரியாது, ஆய்வேடு என்று ஒரு வரிகூட இல்லை, ஜூலையில் ஒன்றும் நடக்காது. டொனாட்டோ பென்சிலைப் பிடித்தபடி, அப்போ அந்தப் பத்து பேர் என்று இழுத்தான். அதுவும் நான்தான் என்றேன். சாமியார்களைத் திட்டாதே, பாவம்.

அப்பா கத்தியைக் கேக்குத் தட்டிலேயே வைத்தார். அம்மாவின் முகத்தில் சிவப்பு ஏறுவது தெரிந்தது. நான் காத்திருந்தேன். அவள் கத்துவதை எங்கள் தெரு முழுக்க அறியும். கீழ்வீட்டுக்காரர்கள் தொலைக்காட்சியைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். கத்தட்டும், ரெண்டு நாள்தானே, அவளே சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

அவள் கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, "இருபத்திநாலை வேணாம்னு நானாடி சொன்னேன்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். முதல் வருடம், ஜூன் மாதம், சனிக்கிழமை. ஃபிலோமேனா அக்காவுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாய், போனைத் தோளில் இடுக்கியிருந்தாய், தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அந்த வருடம் ஃபிலோமேனா செம்பு நிறம் கேட்டாள் என்று தனக்குத்தானே சொன்னாள். நிறம் ஞாபகம் இருந்தது. மற்றதை அவள் தேடிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது, ரொம்ப நேரம் தேடினாள். அப்பா எழுந்துவந்து என் தலையில் கைவைத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது, பிறகு எடுத்துக்கொண்டார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்று நினைக்கிறேன். டொனாட்டோவிடம்தான் கேட்டாள்.

"டேய், இருபத்திநாலுங்கறது நல்ல மார்க்குதானா?"

நல்ல மார்க்குதாம்மா என்றான் அவன். பதினெட்டு எடுத்தாலே பாஸ்.